பஞ்சிழை நீளும் இருபது நாட்கள்



நான் இராஜபாளையத்தில் வாழ்பவன். என் இளமையில் எங்கள் ஊருக்கு ஆலைச் சங்குதான் கடிகாரம். விடியற்காலைச் சங்கு கேட்டு வீடுகளில் அடுப்பு மூட்டுவார்கள். அடுத்த சங்கு கேட்டு நாங்கள் புத்தகப் பையைத் தேடுவோம். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதனை அடுத்துப் பல நூற்பாலைகள் எழுந்தன. அருகே உள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. பக்கத்து ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நிலையம் வெளியிட்ட பருத்தி இரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று ஊரின் பெயரையே சுருக்கமாகச் சூடியிருக்கின்றன. ஆகவே, இப்பகுதி மக்களின் சோற்றுக்கும் பஞ்சுக்கும் உள்ள உறவை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று உங்களோடு பேச வந்திருக்கும் பொருள், தாவர உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள், அவ்வுயிரணுவின் வளர்ச்சியில் ஆற்றும் பணி என்பதாகும். பொருளின் பெயரைக் கேட்டதும், இது கல்லூரி ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தி என்று சிலர் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. அந்த எண்ணத்தால் ஒரு மாணவனுக்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1980களில், நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள், உழவர் குடும்பத்துப் பையன் ஒருவன் கைக்குட்டையில் சிறிது பஞ்சை முடிந்துகொண்டு வந்தான். “ஐயா, சென்ற ஆண்டும் இதே காட்டில் இதே விதையைத்தான் அப்பா போட்டார். அப்போது நல்ல இழை என்று வியாபாரி விலை கொடுத்தார். இந்த ஆண்டு அவர் பஞ்சை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இழை குட்டை என்று விலையைக் குறைத்துவிட்டார். அப்பா, அவர் ஏமாற்றுகிறார் என்கிறார். ஒரே விதையின் பஞ்சு ஓராண்டு நீளமாகவும் ஓராண்டு குட்டையாகவும் இருக்குமா, ஐயா?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. “அதெல்லாம் மண்ணின் வாசி. நீ பாடத்தைக் கவனி” என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் கேட்ட வினாவுக்கு விடை உண்டு என்பதையும், அவ்விடை உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கிறது என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே நான் கற்றுக்கொண்டேன்.

பஞ்சிழை என்பது என்ன? நாம் அதனை மயிர் என்கிறோம், நூல் என்கிறோம். உண்மையில் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு ஆகும். பாடப் புத்தகத்தில் செல் என்று படிக்கிறீர்களே, அந்தச் செல் ஒன்றேதான் ஓர் இழை. தலைமயிரோ அவ்வாறன்று, அது எண்ணற்ற உயிரணுக்கள் அடுக்கி உருவாவது. பருத்திச் சூலின் மேல்தோலில் இருக்கும் உயிரணுக்களில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பூ மலரும் நாளில் மெல்லப் புடைத்தெழுகின்றன. ஒரே விதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இவ்வாறு முளைக்கின்றன. பின்னர் ஏறத்தாழ இருபது நாட்கள் அவை நீண்டுகொண்டே செல்கின்றன. வேகம் மிகுந்த நாட்களில் ஒரே நாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் நீள்வதுண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு, மூன்று வாரத்தில் கட்டைவிரல் அகலத்தையும் கடந்து விடுகிறது!

இதன் அருமையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நடுத்தரமான ஓர் இழையின் நீளம் 28 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆக, பருமனைப்போல் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு நீளம். அந்த இழையை ஒரு தென்னை மரத்தின் பருமனுக்குப் பெருக்கிப் பாருங்கள். அடிமரம் ஓரடி அகலம் என்றால், மரத்தின் உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடி இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் போல ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் அந்த மரம் அவற்றை விஞ்சி நிற்கும்.

இழையின் நீளத்தில் ஆலைக்கு என்ன அக்கறை? நூற்பு என்பது இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைப்பது. நீண்ட இழைகள் நெடுந்தூரம் தழுவி நிற்கும். குட்டை இழைகள் விரைவில் கைவிட்டுவிடும். 40ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 840 கஜம் கொண்ட கழிகள் நாற்பது எடுக்க வேண்டும். மொத்தம் 33,600 கஜம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்று திரும்பியும் நூல் மிச்சமிருக்கும். குட்டை இழையை வைத்துக்கொண்டு அவ்வளவு மெல்லிய நூலை இழுத்தால், அது கதிரிலேயே அறுந்து அறுந்து போகும். ஆகவே, வியாபாரி பஞ்சை இழுத்துப் பார்ப்பது வீண் சடங்கன்று. உழவனின் ஆண்டு வருமானம் அந்த இரு கட்டைவிரல்களுக்கு நடுவே தீர்மானமாகிறது.

இனி, இழை எவ்வாறு நீள்கிறது என்பதைப் பார்ப்போம். விலங்கின் உயிரணுவுக்கும் தாவரத்தின் உயிரணுவுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. விலங்கின் கரு வளரும்போது, அதிலுள்ள உயிரணுக்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து செல்ல முடியும். தாவர உயிரணுவுக்கு அந்த உரிமை இல்லை. பிறந்த இடத்திலேயே அது செல்லுலோஸ் என்னும் பொருளால் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறது. அண்டை உயிரணுவோடு ஒட்டிய அச்சுவரை விட்டு அது வெளியே வர இயலாது. அப்படியானால் அது வளர்வது எவ்வாறு? தான் இலையாவதா, வேராவதா, இழையாவதா என்று அறிவது எவ்வாறு?

ஒரு கோட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே மதில், அதற்கு உட்புறமாக மெல்லிய எல்லை ஒன்று. அந்த மெல்லிய எல்லையே உயிரணுப் படலம். படலத்திலும், படலத்துக்கும் மதிலுக்கும் இடையிலும், மதிலுக்குள்ளும் எண்ணற்ற புரதங்கள் பணிபுரிகின்றன. சில வாயில்காப்போர், சில தூதர், சில மதிலைத் தளர்த்தும் கொத்தர், சில மதிலைக் கட்டும் கொல்லர். உயிரணுவின் உள்ளே மரபுக் கட்டளைகள் இருப்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்குவதும், உள்ளிருந்து வரும் கட்டளையைச் செயலாக்குவதும் எல்லையில் நிற்கும் இப்புரதங்களே. பஞ்சிழையின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால், இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நேரத்தில் மேடைக்கு வருவதைக் காணலாம்.

முதலில் தூதர். வேல மரத்துப் பிசினை நீங்கள் அறிவீர்கள். நாங்கள் பள்ளியில் படித்தபோது, அதனைத் தண்ணீரில் ஊற வைத்துப் படங்களை ஒட்டுவோம். வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து கிடைக்கும் அரபுப் பிசினை வேதியியலார் பகுத்துப் பார்த்தபோது, சர்க்கரைப் பொருள்களே மிகுதியாகவும், அவற்றோடு சிறிதளவு புரதம் பிணைந்தும் இருக்கக் கண்டனர். அச்சர்க்கரைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று அராபினோஸ், அரபுப் பிசினால் வந்த பெயர். மற்றொன்று கேலக்டோஸ், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் பாலின் சர்க்கரையாய் நாம் சுவைப்பதில் பாதி இதுவே. இவ்விரண்டும் புரதத்தோடு சேர்ந்த கூட்டுப் பொருளுக்கு அராபினோகேலக்டன் புரதம் என்று பெயர். இதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை, எஞ்சியதே புரதம். மெலிந்த தண்டும் அடர்ந்த கிளைகளும் கொண்ட ஒரு மரத்தைப் போன்றது இதன் உருவம். இவற்றுள் பல, கொழுப்பால் ஆன ஒரு நங்கூரத்தைப் படலத்தில் பாய்ச்சிக்கொண்டு, கிளைகளை மதிலின் பக்கமாக விரித்து நிற்கின்றன. வேண்டும்போது நங்கூரம் அறுபட்டு, தூது செல்வனபோல் மதிலுக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு.

இவை பிசினைப் போல வெறும் ஒட்டுப்பொருள்தாம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்ற ஒரு சாயம் உதவியது. 1962இல் யாரிவ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஒரு செந்நிறச் சாயத்தை உருவாக்கினர். அச்சாயம் இவ்வகைப் புரதங்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. பிடித்தால் அவற்றின் வேலை நின்றுவிடும். 1994இல் கலிபோர்னியாவில் செர்ப்பி, நாத்நேகல் என்னும் இருவர், குடுவையில் வளர்ந்துகொண்டிருந்த ரோஜாச் செடியின் உயிரணுக்களுக்கு இச்சாயத்தைக் கொடுத்தனர். உயிரணுக்கள் பெருகுவது தடைப்பட்டது. ஆகவே, இப்புரதங்கள் வெறும் பிசின் அல்ல, வளர்ச்சியில் பங்குடையவை என்னும் கருத்து வலுப்பெற்றது.

பருத்தியில் இதன் பங்கு என்ன? 2013இல் சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பருத்தியிலுள்ள இவ்வினப் புரதம் ஒன்றை எடுத்துக்கொண்டனர். அதனை மிகுதியாக உண்டாக்கும்படி செடிகளை மாற்றியபோது இழை நீண்டது. அதனைக் குறைத்தபோது இழை முளைப்பதும் மந்தமாயிற்று, நீள்வதும் மந்தமாயிற்று. சுவரின் பொருள்களும் மாறின. மாணவர்களே, இச்சோதனையின் அமைப்பைக் கவனியுங்கள். கூட்டிப் பார்த்தார்கள், குறைத்தும் பார்த்தார்கள். இரண்டும் எதிரெதிர் விளைவைத் தந்தன. ஒன்றை மட்டும் செய்து நிறுத்தியிருந்தால் முடிவு இத்தனை உறுதி பெற்றிராது.

இத்தூதர்கள் பருத்திக்கு மட்டும் உரியவர் அல்லர். தோட்டத்தில் வளர்க்கும் ஜின்னியாச் செடியின் இலையிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, குடுவையில் நீர் கடத்தும் குழாய் உயிரணுக்களாக மாற்ற முடியும். அம்மாற்றத்துக்கு உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. அச்செய்தியைக் கொண்டு செல்வதும் ஓர் அராபினோகேலக்டன் புரதமே என்று 2004இல் ஜப்பானிய அறிஞர்கள் மோட்டோஸே, சுகியாமா, ஃபுகுடா ஆகியோர் கண்டுபிடித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் சைலோஜன். நகர முடியாத ஓர் உயிரணு, தன் அண்டை உயிரணுவுக்கு “நீயும் என்னோடு சேர்ந்து குழாயாவாய்” என்று அறிவிக்கும் வழி இது.

அடுத்தவர் வாயில்காப்போர். முளைத்த இழை நீள்வதற்கு வேண்டிய ஆற்றல் தண்ணீரிலிருந்து வருகிறது. வாடிய கீரைத் தண்டைத் தண்ணீரில் போட்டால் விறைத்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். உயிரணுவுக்குள் சர்க்கரையும் பொட்டாசியம் முதலிய உப்புகளும் செறிந்தால், தண்ணீர் தானே உட்புகுந்து சுவரை உள்ளிருந்து அழுத்தும். தாவர உயிரணுவுக்குள் இருக்கும் இவ்வழுத்தம், மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றின் அழுத்தத்தைவிடவும் மிகுதியாக இருப்பது இயல்பு. இளம் இழைக்கும் விதைத்தோலுக்கும் இடையே நுண்ணிய துளைகள் உண்டு. துளை திறந்திருந்தால், சேர்த்த சர்க்கரை அவ்வழியே கசிந்து அழுத்தம் குறைந்துவிடும் அன்றோ? 2001இல் ஆஸ்திரேலியாவில் ருவான் என்பவரும் உடன் பணியாற்றியோரும் வியப்பான உண்மை ஒன்றைக் கண்டனர். பூ மலர்ந்த ஏறத்தாழப் பத்தாம் நாளை ஒட்டி அத்துளைகள் அடைபடுகின்றன; சில நாட்கள் கழித்து மீண்டும் திறக்கின்றன. அடைபட்ட நாட்களில், படலத்தில் நின்று சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் உள்ளே ஏற்றும் புரதங்கள் மிகுதியாகின்றன. கதவைத் தாழிட்டுவிட்டுச் சரக்கை உள்ளே ஏற்றுவது போன்றது இது. கதவு அடைபட்டிருக்கும் நாட்கள் மிகுந்த பருத்தி இனத்தில் இழையின் நீளமும் மிகுதி என்பதை 2004இல் அவர்கள் எடுத்துக் காட்டினர்.

அழுத்தம் மட்டும் இருந்தால் போதாது. மதில் சற்றே இளகிக் கொடுக்க வேண்டும். இங்கே கொத்தர் வருகிறார். படலத்தில் இருக்கும் ஒரு வகைப் புரதம், அமிலத் தன்மையைச் சுவரின் பக்கமாக வெளியேற்றுகிறது. அவ்வமிலத்தில் விழித்தெழும் மற்றொரு புரதம், சுவரின் இழைகளுக்கு இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. இதன் பெயர் எக்ஸ்பான்சின். 1992இல் அமெரிக்காவில் டேனியல் காஸ்குரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வெள்ளரி நாற்றின் தண்டுகளைக் கொண்டு இதனைக் கண்டறிந்த முறை, எந்தப் பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளத் தக்கது. உயிர் போன தண்டுச் சுவரை அமிலம் கலந்த நீரில் வைத்து இழுத்தால் அது நீண்டது. வெந்நீரில் கொதிக்க வைத்தபின் இழுத்தால் நீளவில்லை. சூட்டில் கெடும் பொருள் ஏதோ அதில் இருந்திருக்க வேண்டும்; புரதம் சூட்டில் கெடும். கொதிக்காத சுவரிலிருந்து எடுத்த புரதத்தைக் கொதித்த சுவரில் சேர்த்தார்கள். மீண்டும் நீண்டது! பருத்தி இழை நீளும் நாட்களில் இப்புரதத்துக்கான மரபுக் கட்டளை மிகுதியாகச் செயற்படுவது 1998இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது.

மதில் எல்லாப் பக்கமும் இளகினால் இழை உருண்டையாகப் பருத்துவிடும். அது நீளமாக மட்டும் போவதற்குக் காரணமானவர் கொல்லர். மரப் பீப்பாய்க்கு இரும்புப் பட்டை அடிப்பதுபோல, செல்லுலோஸ் நார்கள் இழையைச் சுற்றிக் குறுக்காகப் பூட்டப்படுகின்றன. பட்டை பூட்டிய பீப்பாய் பக்கவாட்டில் பருக்க முடியாது, நீளத்தான் முடியும். இந்நார்களை நெய்யும் புரதங்கள் படலத்திலேயே பதிந்திருக்கின்றன. 1980இல் மியூல்லர், பிரவுன் என்னும் இருவர், மக்காச்சோளச் செடியின் உயிரணுப் படலத்தை உறைய வைத்துப் பிளந்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆறிதழ்ப் பூவைப் போன்ற சிறு வட்டங்களைக் கண்டனர். அவையே செல்லுலோஸ் நெய்யும் தறிகள் என்பது பின்னர் உறுதியாயிற்று. அத்தறியின் முதன்மைப் புரதத்துக்கு உரிய மரபணு, தாவர உலகில் முதன்முதலாக 1996இல் பிடிபட்டது. எந்தத் தாவரத்தில் தெரியுமா? பருத்தியின் இழையில்தான்! டெபோரா டெல்மரும் அவர்தம் குழுவினரும் அதனைக் கண்டனர். செல்லுலோஸை இவ்வளவு முனைந்து நெய்யும் உயிரணு வேறு அரிது ஆதலால், தேடத் தகுந்த இடம் அதுவே என்று அவர்கள் கருதியது பொய்க்கவில்லை. 2006இல், அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் உயிரணுவில், ஒளிரும் அடையாளம் பூட்டிய இத்தறிகள் படலத்தின் உட்புறம் இருக்கும் நுண்குழல்களைத் தண்டவாளமாகக் கொண்டு ஓடுவதை நேரிலேயே பார்த்தனர். நம் ஊரில் தறி ஓரிடத்தில் நிற்க, நூல் நகர்கிறது. அங்கே நூல் மதிலில் படிந்து நிற்க, தறி நகர்ந்து செல்கிறது.

இருபது நாட்கள் முடியும் தறுவாயில் நீள்வது மெல்ல ஓய்கிறது. பின்னர் மூன்று, நான்கு வாரங்கள் தறிகள் முழு வேகத்தில் உட்புறமாகச் சுவரைத் தடிக்கச் செய்கின்றன. எகிப்தியப் பருத்தியை ஆராய்ந்த லாரன்ஸ் பால்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், அச்சுவரில் நாளொன்றுக்கு ஒரு வளையமாக அடுக்கு விழுவதை 1919இலேயே விவரித்தார். முதிர்ந்த இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ்தான். காய் வெடிக்கும்போது உயிரணு இறந்து, உள்ளிருந்த நீர் வற்றி, குழாய் தட்டையாகி, முறுக்கிய நாடாவைப் போல் ஆகிவிடுகிறது. அந்த முறுக்கே நூற்பில் இழையோடு இழை பற்றிக்கொள்ள உதவுகிறது. நாம் உடுக்கும் ஆடை, வாழ்ந்து முடிந்த உயிரணுக்களின் மதில்.

இப்போது என் மாணவனின் வினாவுக்கு வருவோம். ஒரே விதை, ஒரே காடு. இழை ஏன் குட்டையாயிற்று? அவன் பஞ்சைக் கொண்டுவந்த அந்த ஆண்டில், பூப்பூத்த சமயத்தில் கிணறுகள் வற்றிப்போயின. தூதர் வந்தனர், கொத்தரும் வந்தனர், கொல்லரும் வந்தனர், வாயில்காப்போரும் கதவை அடைத்திருப்பர். ஆனால் உள்ளே அழுத்துவதற்குத் தண்ணீர் போதவில்லை. இழைக்கு நீளும் காலம் கணக்காக மூன்று வாரமே. அந்த நாட்கள் கடந்தபின் மழை பெய்தாலும், சுவர் தடிக்கத் தொடங்கிய இழை மீண்டும் நீளாது. விதையும் குறையுடையதன்று, அவன் தந்தையின் உழைப்பும் குறையுடையதன்று, வியாபாரியின் விரலும் பொய் சொல்லவில்லை. விதை தருவது இழை எட்டக்கூடிய எல்லையை; அதில் எவ்வளவு எட்டும் என்பதை அந்த இருபது நாட்கள் முடிவு செய்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், பேருந்து நிலையத்தில் நரைத்த மீசையோடு ஒருவர் என்னை வணங்கி நின்றார். அந்த மாணவர்தான். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தந்தையின் நிலத்தில் மாசிப்பட்டத்தில் பருத்தி போடுவதாகச் சொன்னார். நான் அவருக்குப் பட்ட கடனைச் சொல்லி, மேலே கூறிய செய்தியெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்பா கடைசி வரைக்கும் அந்த வியாபாரியோடு பேசவே இல்லை, ஐயா” என்றார். சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்து, “அப்படியானால் எந்த நாளுக்குத் தண்ணீரை மிச்சம் பிடித்து வைக்க வேண்டும்?” என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகளாக எந்த மாணவரும் என்னிடம் இதைவிடச் சிறந்த வினாவைக் கேட்டதில்லை. ஒரு செடியில் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. ஆகவே ஒரு நாளைக் குறித்துச் சொல்ல இயலாது. பூ மிகுதியாக மலரத் தொடங்கியது முதல், அப்பூக்கள் காயாகி மூன்று வாரம் ஆகும் வரையில், நிலம் காயாதபடி பார்த்துக்கொள்வது நலம். கிணற்றில் நீர் குறைவென்றால், முன்னும் பின்னும் சிக்கனம் செய்து இந்நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, பேருந்து வந்ததும் ஏறிச் சென்றார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் ஊரில் பருத்திக் காடு இருந்தால், உரியவரிடம் அனுமதி பெற்று, அன்று காலை மலர்ந்த பத்துப் பூக்களின் காம்பில் வண்ண நூல் கட்டித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இனமாயின், வெளிறிய பூ மறுநாள் இளஞ்சிவப்பாக மாறுவதைக் காண்பீர்கள். ஐந்தாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள், முப்பதாம் நாள் என்று ஒவ்வொரு காயாகப் பறித்துப் பிளந்து, ஈரமான இழையை விதையிலிருந்து மெல்லச் சீவி, அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பின்னர் வெடித்த காயின் பஞ்சைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்; முறுக்கிய நாடா தெரியும். அந்த அட்டவணையில் எந்த நாட்களில் எண் வேகமாக ஏறுகிறது என்பதைக் கண்டீர்களானால், எல்லையில் நிற்கும் அப்புரதங்களின் வேலையை உங்கள் கையாலேயே அளந்தவர்கள் ஆவீர்கள்.

ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். மாணவன் ஒருவன் கைக்குட்டையில் எதையாவது முடிந்துகொண்டு வந்து கேட்டால், விடை தெரியாவிட்டாலும், “இருவரும் தேடிப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அவன் பாடத்தை விட்டு விலகவில்லை; பாடத்தைத் தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.